ஏழடி இரண்டங்குலம்

பிச்சிலெமுவில் ரொட்டிக்கடை அடுப்பை
விடிகாலை மூன்றுக்கு நான்தான் மூட்டுகிறேன்.
ஏழரைக்கு முழங்கையில் காய்ந்த மாவோடு
கடலுக்கு இறங்குவேன்.

எட்டடி நீல நுரைப்பலகை.
சர்ஃப் பள்ளி கழித்துக் கட்டியது.
அடிவயிற்றில் பள்ளியின் தொலைபேசி எண்
பாதி அழிந்து ஒட்டியிருக்கும்.
யாராவது அழைத்தால்
நான்தான் எடுக்க வேண்டும் என்பதுபோல்
இரண்டு வருடம் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தேன்.

எதையும் பெரிதுபடுத்தாது அது.
காலைத் தப்பாக வைப்பேன், சரி என்னும்.
தாமதமாக எழுவேன், பரவாயில்லை என்னும்.
செத்த அலையின் கடைசி நுரையில்கூடக்
கரைவரை கொண்டுவந்து இறக்கிவிடும்,
பள்ளிப் பேருந்துபோல.

திரும்பு என்றால் மட்டும் காது கேளாது.
இடப்பக்கம் அலை
பச்சைச் சுவராக நீண்டுகொண்டே போகும்.
நாங்கள் நேராக மணலுக்குப் போவோம்.

மே மாதம், மாவு டப்பாவில் சேர்த்த
ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேசோவோடு
கடைக்குப் போனேன்.
நெஹுவென் பென்சிலை எடுத்தான்.
என் வயதில் பாதிதான் இருப்பான்.
போன ஞாயிறு எத்தனை அலை, யஸ்னா?

பதினொன்று.

நான்கு.
அதிலும் ஒன்று, பக்கத்திலிருந்தவன்
பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தது.

எடை?
அதிலும் மூன்று கிலோவை விழுங்கினேன்.

கூட்டினான், பெருக்கினான்,
முப்பத்திரண்டு லிட்டர் என்று விடை வந்தது.
சுவரிலிருந்து ஒன்றை இறக்கினான்:
ஐந்தடி பத்து, வெள்ளை,
மீன் அறுக்கும் கத்தி மாதிரி மூக்கு.
கக்கத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது என்கிறீர்கள்!
கண்ணாடியில் ஒருத்தி நின்றாள்,
பதினொரு அலைக்காரி,
மூன்று கிலோ மெலிந்தவள்.
பலகை அவளுக்குக் கச்சிதம்.
அவள் மூன்று மணிக்கு எழுந்து
மாவு பிசைவாளா என்று தெரியவில்லை.

பில் போடப் போனான்.
நாலு, என்றேன் முதுகைப் பார்த்து.
என்ன நாலு?
அலை.

அவன் சிரித்திருந்தால் வெள்ளையை வாங்கியிருப்பேன்,
வீம்புக்கு.
சிரிக்கவில்லை.
காகிதத்தைக் கசக்கிப் பின்கட்டுக்குப் போய்
ஒரு மஞ்சளைத் தூக்கிவந்தான்.
ஏழடி இரண்டங்குலம்.
விளிம்பில் பிசின் வைத்து அடைத்த காயம்.
மூக்கு வட்டம், முட்டையின் மழுங்கிய பக்கம்போல.
யாருடைய மெழுகோ
அழுக்கேறிப் படிந்திருந்தது.

சுரண்டியபோது கீழே குழிகள் தெரிந்தன.
குதிகால்கள்.
எவரோ பல வருடம் ஊன்றி ஊன்றி
வாங்கிய பள்ளங்கள்.
என் காலை வைத்துப் பார்த்தேன்.
இரண்டு விரற்கடை பின்னால் நின்றிருக்கிறார்,
துணிச்சல்காரர்.

கொஞ்சம் குறைத்துக் கேட்டேன்.
கணுக்கால் கயிற்றை இலவசமாகக் கொடுத்தான்.

நீலத்தை விற்கவில்லை.
கடைப் பின்வாசலில் சாத்தியிருக்கிறது.
வேன் ஓட்டும் குஸ்தோதியோ
இன்னும் எதுக்கு இது என்றார்.
சந்தியாகோவிலிருந்து ஜனவரியில்
தங்கை வருவாள் என்றேன்.
தங்கைக்குத் தண்ணீர் என்றாலே பயம்.

முதல் நாள் மஞ்சளோடு,
கடற்சிங்கங்கள் பாறையில் கொட்டாவி விட,
ஒன்பது முறை எழப் பார்த்தேன்,
ஒன்பது முறையும் விழுந்தேன்.
இம்முறை எண்ணிக்கை சரி.
பத்தாவதில் நின்றேனா என்று கேட்காதீர்கள்.
முழங்காலில் இருந்தேன்.
இடப்பக்கம் தோளைச் சாய்த்தேன்,
பலகையும் சாய்ந்தது,
சொன்னதைக் கேட்ட திகைப்பில்
நானே குப்புற விழுந்தேன்.

வேறொன்று.
நுரைப்பலகை உயரமாக மிதக்கும்,
தெப்பம் மாதிரி.
இது அமிழ்கிறது.
அலைக்குக் காத்திருக்கையில்
தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறி
உடையின் ஜிப் வழியாக
முதுகெலும்பைத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது.

இரண்டு வருடமாக இந்தக் கடலில் இருக்கிறேன்.
இவ்வளவு குளிர் என்று
யாரும் சொல்லவில்லை.